டர்பன் வெயிலில் ஓர் இ-ரீடர்

வேலை மாற்றலாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் ஆண்டில், சென்னையிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த பதினொரு தமிழ்ப் புத்தகங்களும் ஐந்தாவது மாதத்திலேயே தீர்ந்துபோயின. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்து இறக்கிய நாள் முதல் இந்த ஊரில் தமிழர்கள் இருக்கிறார்கள். கோவெண்டரும் நாயுடுவும் பிள்ளையும் மூட்லியும் எங்கு திரும்பினாலும் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடியும் உண்டு. ஆனால் அவர்களின் வீட்டு மொழி எப்போதோ ஆங்கிலமாகிவிட்டதால், ஒரு தமிழ் நாவலை விலைக்கு வாங்க நான் தேடிப்போன கடைகளிலிருந்தெல்லாம் வெறுங்கையோடுதான் திரும்பினேன். ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போனபோது, பெட்டியின் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க, மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள, 6 அங்குலத் திரை கொண்ட ஓர் இ-ரீடரை வாங்கி வந்தேன். ஓராண்டுக்கு மேல் அதை நாள்தோறும் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். இதன் நிறைகுறைகள் இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

நான் அதிகம் படிக்கும் இடம் வீடு அன்று. டர்பன் தாவரவியல் பூங்கா. 1849-இல் தொடங்கப்பட்டு இன்றுவரை நிலைத்திருக்கும் இந்தத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிறு காலையில் போனால் ஏரிக்கரையில் நிழலான ஒரு பெஞ்சு எளிதாகக் கிடைக்கும். பூங்காவின் பெருமைக்குரிய சொத்து, பனையையும் ஈந்தையும் நினைவுபடுத்தும் ஒரு சைகட் மரம். தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஜான் மெட்லி வுட் 1895-இல் ஒங்கோயே காட்டில் அதைக் கண்டார். அங்கே இருந்தது அந்த ஒரே கொத்துதான், அதுவும் ஆண் மரம். பெண் மரம் இதுவரை எந்தக் காட்டிலும் கிடைக்கவில்லை; உலகத்தின் வெவ்வேறு தோட்டங்களில் இன்று நிற்பவை எல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிரித்து நட்ட கன்றுகளின் வழிவந்தவையே. முதல் சில வாரங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹடேடா என்று ஒரு பறவை உண்டு; அரிவாள்மூக்கன் இனத்தைச் சேர்ந்தது. தலைக்கு மேலே பறந்தபடி அது போடும் கூச்சலில் எப்பேர்ப்பட்ட கதையாக இருந்தாலும் ஒரு வரி விட்டுப்போகும்.

வெயிலில் படிப்பதற்கு இந்தத் திரையை மிஞ்ச ஒன்றுமில்லை. கைப்பேசித் திரையைப் போல இது தானே ஒளியை உமிழ்ந்து எழுத்தைக் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மேலும் கீழுமாக இடம் மாறி எழுத்தாகின்றன, வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் அவற்றைப் படிக்கிறோம். ஆகவே வெயில் கூடக்கூட எழுத்து தெளிவாகிறதே தவிர மங்குவதில்லை. கைப்பேசியைக் கையால் மறைத்து மறைத்துப் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு முதல் பக்கத்திலேயே விளங்கும். பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. ‘லோட் ஷெட்டிங்’ என்று அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்திய நாட்களில், கைப்பேசியின் சார்ஜை மிச்சம் பிடித்துக்கொண்டு, திரையோரத்து மெல்லிய விளக்கின் துணையில் படித்தே பல இரவுகளைக் கழித்தேன்.

தமிழ் எழுத்து விஷயத்தில் பாராட்டும் உண்டு, புகாரும் உண்டு. கடையில் விலை கொடுத்து வாங்கிய நூல்களில் எழுத்துகள் ஒழுங்காகவே வருகின்றன. நாமே ஏற்றிக்கொள்ளும் கோப்புகளில்தான் சிக்கல். 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கிவரும் மதுரைத் திட்டத்திலிருந்து நான் நிறைய எடுத்துப் படிக்கிறேன். அதே கோப்பை எழுத்துகளைக் கோக்கத் தெரியாத ஒரு பழைய கருவியில் நண்பர் ஒருவர் திறந்தபோது, ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. ‘கெ’ என்ற எழுத்து குடும்பத்தோடு பிரிந்ததைப் போல இருந்தது. என் கருவியில் அந்தக் கோளாறு இல்லை. ஆனால் வரிகளை இரு ஓரமும் சமமாக நிறுத்தும் வழக்கம் இதிலும் உண்டு. ஆங்கிலச் சொற்கள் சிறியவை. அவற்றுக்கு அது பொருந்தும். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது போன்ற ஒரு சொல் வரிக்குள் அடங்காமல் கீழே இறங்கிவிட்டால், மேல்வரியில் மிச்சமிருக்கும் மூன்று சொற்கள் விழுந்த பற்களைப் போல இடைவெளி விட்டு நிற்கின்றன. அமைப்புகளில் போய் இடப்பக்கம் மட்டும் சீராக்கச் சொன்னால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அச்சுப் பக்கத்தை அப்படியே படமெடுத்த பி.டி.எஃப். கோப்புகளுக்கு 6 அங்குலம் போதவே போதாது. அதற்காக வாங்குபவர்கள் வாங்க வேண்டாம்.

இனி சாப்பாடு. பழைய கிரே தெரு, இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு எனப்படும் பகுதியில் ஒரு சிறிய கடையில் பன்னி சௌ வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போவது என் வழக்கம். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம்: அதில் பன்றியும் இல்லை, ஆங்கிலப் பொருளில் முயலும் இல்லை. பனியா வணிகர்களின் பெயரால் வந்தது என்றுதான் ஊரில் பலரும் சொல்கிறார்கள். வெள்ளை ரொட்டியைக் கால் பாகமாகவோ அரைப் பாகமாகவோ வெட்டி, நடுவே குடைந்து, அந்தக் குழியில் கொதிக்கும் குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியையே மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். ‘குவார்ட்டர் மட்டன்’ என்றாலே கடைக்காரருக்குப் புரியும். புரட்டாசி மாதத்தில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் புலால் தொடுவதில்லை. அந்த மாதத்தில் அவரை இனத்துப் பயற்றுக் குழம்பு ஊற்றிய ‘பீன்ஸ் பன்னி’தான் எனக்கும். உருளைக்கிழங்கு கரைந்து கெட்டிப்பட்ட அந்தக் குழம்பின் காரம் நம் ஊர்க் காரத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த சாம்பல் என்ற தொட்டுக்கையும் கூட வரும். அந்தக் கடையில் ஒரே குறை, சில நாட்களில் குழம்பு மேலோடு நின்றுவிடுகிறது. ரொட்டியின் அடிப்பாகத்தை வெறும் ரொட்டியாகவே மெல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு ஸ்பூன் கிடையாது. மூடியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, சுவரைப் பிய்த்து உள்ளே இறங்கிச் சாப்பிட வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் பத்து விரல்களும் மஞ்சள். இங்கேதான் கருவியின் பெரிய குறை தெரிந்தது. பக்கத்தைத் திருப்பத் திரையைத் தொட்டாக வேண்டும். சுண்டு விரலின் மூட்டால் தொட்டுப் பார்த்தேன், மூக்கு நுனியாலும் ஒருமுறை முயன்றேன். அதை ஏரிக்கரையின் வாத்துகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். எண்ணெய்க் கறை துடைத்தால் போய்விடுகிறது என்பது ஓர் ஆறுதல். கோடையில் திடீரென்று மழைத்துளி விழுந்தால், துளியையும் விரல் என்றே நினைத்துக்கொண்டு அதுவாகவே நான்கு பக்கம் தள்ளிப்போய்விடுகிறது.

சென்ற புரட்டாசியில், ஜகரண்டா பூக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சின் மறுமுனையில் பேரனோடு வந்து உட்கார்ந்த ஒரு மூதாட்டி, என் கையை எட்டிப் பார்த்து, “தம்பி, இது நம்ம எழுத்தா?” என்று கேட்டார். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர், சிறுமியாக இருந்தபோது மாலை நேரப் பாடசாலையில் தமிழ் படித்தவராம். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வந்தது. அச்சுப் புத்தகத்தால் ஆகாத காரியம் இது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. அவர் சிலேட்டில் படித்துப் பழகியவர், ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்து “அ... ம்... மா...” என்று கூட்டத் தொடங்கினார். விரல் பட்டதும் பக்கம் ஓடிவிட்டது. பின்னுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுபடி விரலை வைத்தார், மறுபடி ஓடியது. மூன்றாம் முறை அவர் விரலைத் திரைக்கு ஓர் அங்குலம் மேலே காற்றில் நிறுத்திக்கொண்டு படித்தார். “உம் புஸ்தகம் அவசரப்படுது, ஆயாவுக்கு மெல்லத்தான் வரும்” என்றார். பேரன் ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டான். நான் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கம் திருப்ப ஓரத்தில் பொத்தான் வைத்து, தொடுதிரையை நிறுத்திவைக்கவும் வழி விட்டிருக்கும் மாதிரிகள் சந்தையில் இருக்கின்றன. விலை கூடுதல்தான், ஆயினும் வெளியில் உட்கார்ந்து, கையால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது இதை அண்ணன் மகளிடம் கொடுத்துவிட்டு, பொத்தான் உள்ளதை வாங்கி வருவதாக இருக்கிறேன். அவள் இட்டிலியைக்கூட ஸ்பூனால் சாப்பிடுகிறவள். அவளுக்கு இதில் குறையொன்றும் தெரியாது.