கொண்டை போடுறவங்களுக்கு இந்த ஹெல்மெட் சரிவருமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டியில வேலைக்குப் போற ஆள் நான். டவுனில 9,500 ரூபாய்க்கு முழுமுக ஹெல்மெட் வாங்கினேன். எஸ்எல்எஸ் 517 முத்திரை, அதாவது ஹெல்மெட்டுக்கான இலங்கைத் தர முத்திரை இருக்கு. அது இல்லாத தொப்பி எவ்வளவு வடிவா இருந்தாலும் வேணாம்.

கடைக்காரத் தம்பி, "பெரிய சைஸ் எடுங்க டீச்சர், கொண்டைக்கு லேசா இருக்கும்" எண்டார். நல்ல மனுசன்தான், ஆனா புத்திமதி பிழை. கன்னம் ரெண்டும் இறுக்கமா அமுங்கணும். தலையை ஆட்டினா ஹெல்மெட்டும் கூடவே திரும்பணும், தனியாச் சுழலக்கூடாது. உள்ளே இருக்கிற தெர்மோகோல் மாதிரியான நுரைதான் நசிஞ்சு அடியை வாங்குது. கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கினா அந்த நுரை தலையோட பொருந்தாது. நான் இப்ப கழுத்துக்குக் கீழே பின்னிப் போடுறேன். விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டையும் மாத்தத்தான் வேணும், வெளியில கீறல் இல்லாட்டியும்.

கச்சான் எண்ட சூட்டுக் காத்து வீசுற மாசங்களில உள்ளே அவியுது, உண்மை. மேல இருக்கிற காற்றுத்துளை பேருக்குத்தான். ஆனா பின்னேரம் கல்லடிப் பாலத்தில பூச்சி கண்ணுக்குள்ள வாறதில்லை. அதுக்கே பாதிக் காசு சரி. ஹெல்மெட்டின்ட முன் கண்ணாடியைக் கறுப்பில கேக்காதீங்க, இரவில ரோட்டில நிக்கிற மாடு தெரியாது.

பின்னால இருக்கிறவரும் போடணும் எண்டுதான் சட்டம். மகளுக்குக் கேட்டா, சின்னப் பிள்ளைகள்ட சைஸ் அங்க இல்லை. அதுக்கு ஒரு புள்ளி குறைக்கிறேன்.