மாமர நிழலில் கச்சோலம்: நாலு வருச அனுபவம்

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்கா கோடை வந்தால், இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் தன் ஹோஸ்டாச் செடிகளைப் படம் பிடித்து அனுப்புவார். அதில் 'புளூ மவுஸ் இயர்ஸ்' என்ற குட்டி வகைதான் எனக்கு உயிர். ஒரு சாண் உயரம், நீலம் பாய்ந்த தடித்த இலை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் மாமரத்தடியிலும் அப்படி ஒன்று வேண்டுமென்று தவித்தேன். ஆனால் ஹோஸ்டா பல வாரம் கடுங்குளிரில் உறங்கினால்தான் அடுத்த வருசம் ஒழுங்காகத் தளிர்க்கும். தை மாத இரவுக்கே விசிறி போடும் ஊரில் அது நடக்காது.

அந்த மாமரத்தடிக்கு 2021 ஐப்பசியில் மூதூர்ப் பெரியம்மா மூன்று கச்சோலக் கிழங்கு தந்தார். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வில்லையாகப் பார்த்திருப்பீர்கள், இஞ்சிக் குடும்பத்துச் செடி. மூன்று கிழமையில் வெற்றிலைச் சுருள் மாதிரி முளை வந்தது. விரிந்த இலை நிமிரவே இல்லை, இரண்டு பக்கமும் நிலத்தோடு படுத்துக்கொண்டது. தூக்கிப் பார்த்தால் அடியில் ஈர மணல் ஒட்டியிருக்கும். பூ வெள்ளை, நடுவில் ஊதாத் தீற்றல். காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும்.

முதல் வருசம் நான் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். வைகாசியில் வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் இலை மஞ்சளாகிக் கருகியது. தண்ணீர் காணாது என்று நினைத்து இரண்டு நேரமும் ஊற்றினேன். ஆடியில் கிண்டினால் இரண்டு கிழங்கு கூழாகி விரலில் பிசுபிசுத்தன. அழுகை வந்துவிட்டது. மிஞ்சியதை நகத்தால் சுரண்டினேன். கற்பூரம் கலந்த வாசனை அப்படியே இருந்தது. ஹோஸ்டா குளிருக்கு உறங்குகிறது, இது வறட்சிக்கு உறங்குகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்கப்புறம் இலை வாடத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிடுவேன். மேலே மாஞ்சருகு, கோழி கிளறாமல் பழைய வலைத்துண்டு, இடம் மறக்காமல் ஒரு குச்சி. மழை இறங்கியதும் தானாக முளைக்கும். எங்கள் மணலுக்கு மாட்டெருவும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்தால் சரி. மாரியில் வெள்ளம் நிற்காத மேடாகப் பாருங்கள். காலை வெயில் கொஞ்சம் படலாம், மதிய வெயில் பட்டால் விளிம்பு சுருண்டுவிடும்.

அந்த ஒற்றைக் கிழங்கு போன கார்த்திகையில் 31 முளையாக நின்றது. ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு அக்காவுக்குப் படம் அனுப்பினேன். அவருடைய ஹோஸ்டாக்கள் அப்போது மண்ணுக்குள் உறங்கப் போயிருந்தன.