மாத்திரையா, படுக்கை நேரத்தைச் சுருக்குவதா? தூக்கமின்மைக்கு நான் பார்த்த வைத்தியங்கள்

இரவு ஒன்பதரைக்கே படுத்துவிடுவேன். தூக்கம் வராத ஆளுக்கு அதுதானே நியாயம்? கொஞ்சம் முன்னதாகப் படுத்தால் எப்படியும் ஆறு மணி நேரமாவது தேறும் என்பது என் கணக்கு. பதினொன்று வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். எப்போதோ கண் அசரும். இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். நாலு மணிக்கு மறுபடி ஒரு அசதி, ஆறு மணிக்கு அலாரம். இப்படியே எட்டு மாதம் ஓடியது. வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் மருத்துவர்கள். எனக்கு வாரத்தில் ஐந்து இரவு அப்படி.

ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அநேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

முதலில் வருவது அறிவுரை. படுக்கும் முன் கசகசா போட்ட பால், நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம், செல்போனைத் தூரப் போடு, அறையை இருட்டாக்கு. ஒன்றும் தப்பில்லை. காபியை மட்டும் நானும் இன்றுவரை மதியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இவை தூக்கம் ஏற்கெனவே நன்றாக இருப்பவருக்கு அதைக் காப்பாற்றித் தரும், கெட்டுப்போனதைச் சரிசெய்யாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தக் குறிப்புகளை மட்டும் தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

அடுத்தது மாத்திரை. அதன் பலத்தை மறைக்க வேண்டியதில்லை: இன்று போட்டால் இன்றே தூக்கம். வேறு எந்த வைத்தியமும் அந்த வாக்குறுதியைத் தராது. வீட்டில் ஒரு சாவு, திடீரென்று ஓர் அதிர்ச்சி என்றால் சில நாட்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை பெரிய உதவிதான். சிக்கல் ‘சில நாட்கள்’ என்ற இடத்தில் இருக்கிறது. என் அத்தை ஆல்பிரசோலம் அரை மாத்திரையை மாமா இறந்த வாரத்தில் ஆரம்பித்தார். பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு முறை நிறுத்திப் பார்த்தாராம். நிறுத்திய மூன்று நாளும் பொட்டுத் தூக்கம் இல்லை. “பாத்தியா, மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கமே கிடையாது” என்று முடிவு கட்டிவிட்டார். அந்த மூன்று நாள் விழிப்பு மாத்திரையை விட்டதால் வந்த எதிர்வினை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாள்பட்டுச் சாப்பிட்டவர் இதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் இந்தியாவில் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய ‘ஹெச்1’ மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் யார் எழுதிக் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சோல்பிடெமைப் பொறுத்தவரை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் மருந்து ரத்தத்தில் மிஞ்சியிருந்ததுதான் காரணம். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி எடுப்பது போன்றவை நடந்ததால் 2019இல் மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டி அச்சிடும் கடுமையான எச்சரிக்கையும் சேர்ந்தது. வயதானவர்கள் ராத்திரியில் பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவது தனிக் கதை.

இனி நடத்தைச் சிகிச்சை, அதாவது மருந்தில்லாமல் தூங்கும் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய எண்ணங்களையும் மாற்றுவது. முழுப் பெயர் தூக்கமின்மைக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி-ஐ. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் சங்கம் 2016இல், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் முதலில் கொடுக்க வேண்டியது இதுதான் என்றது. மாத்திரையோடு இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் உளவியலாளர் சார்லஸ் மோரினின் குழு 1999இல் வெளியிட்டது முக்கியமானது. 78 முதியவர்களில் சிலருக்குத் தெமாசெபாம் மாத்திரை, சிலருக்கு நடத்தைச் சிகிச்சை, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆரம்பத்தில் முதல் மூன்று பிரிவினருமே தேறினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் நிலைத்திருந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் நிலைக்கவில்லை.

சிபிடி-ஐ பற்றிப் பெருமையாகப் பேசுபவர்கள் சொல்லாமல் விடும் ஒரு கணக்கும் உண்டு. 2015இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தூக்கம் வர ஆகும் நேரம் 19 நிமிடம் குறைந்திருந்தது, நடுராத்திரி விழிப்பு 26 நிமிடம் குறைந்திருந்தது. மொத்தத் தூக்கம் மட்டும் எட்டு நிமிடம்கூடக் கூடவில்லை. இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கும் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, இந்தச் சிகிச்சை கூடுதலாகத் தூக்கம் கொண்டுவந்து கொட்டுவதில்லை. ராத்திரி முழுக்கச் சிதறிக் கிடக்கும் தூக்கத்தை ஒரே இடத்தில் கூட்டிப் பெருக்கிச் சேர்க்கிறது. துண்டு துண்டான ஐந்தே கால் மணி நேரத் தூக்கத்துக்கும், ஒரே மூச்சான ஐந்தே கால் மணி நேரத் தூக்கத்துக்கும் காலையில் தெரியும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

இதற்குள்ளேயே இரண்டு பெரிய முறைகள் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை உண்மையான போட்டி இவற்றுக்கு இடையில்தான்.

ஒன்று, ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972இல் சொன்னது. கண் சொக்கினால்தான் படுக்க வேண்டும். கால் மணி, இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், சொக்கிய பிறகு திரும்பலாம். படுக்கையில் சாப்பாடு, செல்போன், ஆபீஸ் கவலை எதுவும் ஆகாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம், பகல் தூக்கம் கிடையாது. படுக்கை என்றால் விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிப்போனதை உடைப்பதுதான் நோக்கம். யோசித்தால் பாய் இருந்த காலத்தில் இதில் பாதி தானாகவே நடந்தது. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அதன்பின் ராத்திரி வரை படுக்கை என்று ஒன்று வீட்டில் இல்லை. கட்டில் வந்த பிறகுதான் அது சோபாவாகவும் ஆபீஸாகவும் ஆனது.

ஆனால் எழுந்து எங்கே போவது? எங்கள் வீடு ஒற்றைப் படுக்கையறை. ஹாலில் அம்மாவும் பையனும் தூங்குவார்கள். மூன்றாம் நாள் இரவு சமையலறைத் தரையில் உட்கார்ந்து மறுநாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்தேன். அம்மா எழுந்து வந்து, “ஏம்ப்பா, வீட்ல ஏதாவது சண்டையா?” என்று கேட்டார். மூன்று அறை உள்ளவர்களுக்கு இது நல்ல முறை. எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை.

இன்னொன்று ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1987இல் விவரித்தது: படுக்கையில் கழிக்கும் நேரத்தைச் சுருக்குவது. கேட்டதும் கோபம்தான் வரும். தூக்கம் போதாதவனிடம் போய்க் குறைத்துப் படு என்றால்? நான் பார்த்த உளவியலாளர் முதலில் இரண்டு வாரம் குறிப்பேடு எழுதச் சொன்னார். சராசரி வந்தது: படுக்கையில் எட்டரை மணி நேரம், தூக்கம் ஐந்தே கால் மணி. அதாவது 510 நிமிடத்தில் 315, 62 சதவீதம். மீதி மூன்றே கால் மணி நேரம் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறேன், தினமும்! சரி, ஐந்தரை மணி நேரம்தான் இனி உங்களுக்குப் படுக்கை, பன்னிரண்டிலிருந்து ஐந்தரை வரை என்றார். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாருக்கும் குறைப்பதில்லையாம்.

முதல் வாரம் நரகம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பத்தரைக்கே கண் சுழலும். ஆனால் பன்னிரண்டு வரை ஓட்ட வேண்டும். துணி மடித்தேன், பையனின் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். ஆபீஸுக்கு வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன், அதிலும் இரண்டு முறை நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். ஆனால் ஐந்தாம் இரவே இரண்டரை மணி விழிப்பு வரவில்லை. பகல் முழுக்க விழித்திருக்க விழித்திருக்க உடம்பில் தூக்கப் பசி ஏறும். முன்னதாகப் படுத்து அதை நொறுக்குத் தீனி மாதிரி தின்று தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாம் வாரம் 330 நிமிடத்தில் 290 தூங்கினேன், 88 சதவீதம். 85ஐத் தாண்டினால் கால் மணி கூட்டிக்கொள்ளலாம். இப்படி ஏறி ஏறி எட்டாம் வாரம் பத்தே முக்காலிலிருந்து ஐந்தரை வரை படுக்கை, தூக்கம் ஆறு மணி நேரம்.

இந்த ஒரு முறையை மட்டும் இங்கிலாந்தில் சாதாரண கிளினிக் நர்ஸுகளைக் கொண்டு நான்கே அமர்வுகளில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 642 பேர், முடிவு 2023இல் வந்தது. குறிப்புகள் அடங்கிய கையேடு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகும் தெளிவாக மேலாக இருந்தார்கள்.

எல்லாருக்கும் இது ஆகாது. இருமுனைக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள், லாரி பஸ் ஓட்டுபவர்கள், பலமான குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று திணறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. 

உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி? மனசுக்கு இதம்தான். ஆனால் 2024இல் 241 ஆய்வுகளைப் பிரித்து எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்த்தபோது, பலன் தந்தவற்றில் மேலே சொன்ன இரண்டும், தூக்கம் பற்றிய பயங்களை மாற்றும் பகுதியும் இருந்தன. தளர்வுப் பயிற்சி உதவாமல் போகலாம் என்றே தெரிந்தது. ‘தளர்ந்துவிட்டேனா, தூக்கம் வருகிறதா’ என்று கவனித்துக்கொண்டே படுத்திருந்தால் எங்கிருந்து வரும்? பயங்களை மாற்றும் பகுதியில் எனக்கு உதவியது ஒரே விஷயம், கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தது.

அப்புறம், ஆளிடம் போவதா, ஆப்பில் செய்வதா? ஸ்லீப்பியோ என்ற செயலியை இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை வெளியிட்ட இன்சோம்னியா கோச் இலவசம். ஆங்கிலம் சரளமாக வருமென்றால் பார்க்கலாம். ஆனால் அந்த முதல் வாரத்தில் “நாளைக்கும் பன்னிரண்டுதான்” என்று அதட்ட ஓர் ஆள் இல்லாமல் நான் தாண்டியிருக்க மாட்டேன். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே கேட்கலாம்.

போன மாதம் தங்கை கல்யாணம். சத்திரம், உறவுக்காரர்கள், கணக்கு வழக்கு என்று நாலு நாள் தூக்கம் போய், ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தும் இரண்டரைக்கு விழித்துக்கொண்டேன். அத்தை பர்ஸைத் திறந்து மாத்திரை அட்டையை நீட்டினார். வேண்டாமென்று சொல்லிவிட்டு அன்றிரவிலிருந்து மறுபடி பன்னிரண்டு மணியாக்கினேன். மொய் நோட்டைக் கூட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது. பத்து நாளில் பத்தே முக்காலுக்குத் திரும்பிவிட்டேன். இப்போது அத்தையும் ஒரு குறிப்பேடு வாங்கியிருக்கிறார். மாத்திரையைக் குறைப்பது பற்றி அடுத்த வாரம் மருத்துவரிடம் கேட்கப் போகிறோம்.