‘ஆட்டோ இம்யூன் பேக்கேஜ்’ என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

பல வருடங்களாக மூட்டு வலி, தூங்கி எழுந்தாலும் போகாத அசதி, கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், வாய் வறட்சி. பார்த்த டாக்டர்கள் ‘டென்ஷன்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான், காரணம் தெரியாத நோய்களைக் கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். என்னைப் போலவே நோயின் பெயர் தெரியாமல் தவிப்பவர்கள் அங்கே நிறைய வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை; உடல் தன் சொந்த செல்களுக்கு எதிராகவே உண்டாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் சோதனை அது. 1:80 என்ற குறைந்த அளவில் பாசிட்டிவ். அதை வட்டம் போட்டுக் காட்டி, “ஆட்டோ இம்யூன் நோய் உறுதி” என்றார்கள்; அதாவது, உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய். மூட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கச் சொல்லவில்லை. எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இந்த அளவில் பாசிட்டிவ் வரும். அதை மட்டும் வைத்து எந்த நோயையும் உறுதி செய்ய முடியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேராக பேக்கேஜ் படிவத்தை நீட்டினார்கள்.

பேக்கேஜில் முதலில் உணவு ஒவ்வாமைக்கு என்று ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடியை அளக்கும் ரத்தப் பரிசோதனை. பால், முட்டை, கோதுமை என்று நான் வழக்கமாகச் சாப்பிடுவதெல்லாம் சிவப்புக் கட்டத்தில் வந்தது. அப்படித்தான் வரும். ஒரு உணவை உடல் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் ஐ.ஜி.ஜி. எதையும் காட்டாது, ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒவ்வாமை மருத்துவ அமைப்புகளே அறிவுறுத்தியிருக்கின்றன. அவற்றையெல்லாம் நிறுத்தி உடல் மெலிந்ததுதான் மிச்சம்.

இதைவிட மோசமானது அடுத்து நடந்தது. அவர்களே விற்ற மாத்திரைகளில் ஒன்றில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10 மில்லிகிராம் இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 அதிகம். “தைராய்டையும் நோய் தாக்கிவிட்டது” என்று இரண்டாம் கட்டப் பேக்கேஜுக்குப் பணம் கேட்டார்கள். அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

வெளியே ஒரு ருமட்டாலஜிஸ்டை, அதாவது மூட்டு மற்றும் ஆட்டோ இம்யூன் நோய் நிபுணரைப் பார்த்தேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பயோட்டின் அதிகமாக உடம்பில் இருந்தால் சில லேப் முறைகளில் தைராய்டு முடிவுகள் இப்படித் தாறுமாறாக வரும் என்றார். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது தைராய்டு முற்றிலும் நார்மல். பயோட்டின் லேப் முடிவுகளைக் கெடுக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே எச்சரித்திருக்கிறது. மாத்திரையையும் விற்று டெஸ்டையும் எடுக்கிற இடத்துக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

எனக்கு உண்மையில் நோய் இருந்தது. அந்த டாக்டர் கேட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை: தண்ணீர் இல்லாமல் ரொட்டி விழுங்க முடிகிறதா, கண்ணில் நீர் வருகிறதா. கீழ் இமையில் ஒரு சிறு தாளை ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தார். ஈரம் 5 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. ரத்தத்தில் ஆன்டி ரோ என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ். உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு திசு எடுத்துச் செய்த பயாப்ஸியும் அதே நோயைத்தான் காட்டியது. ஷோகிரன் நோய். கண்ணீர், எச்சில் சுரப்பிகளை உடலே தாக்கும் நோய் அது. கிளினிக்கில் கழிந்த காலத்தில் எச்சில் வற்றி என் பல பற்கள் சொத்தையாகிவிட்டன. அவை திரும்பப் போவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன்; கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டினார்கள். லேப்பின் அசல் ரிப்போர்ட் கேட்டதற்கும் வண்ணப் படம் போட்ட சுருக்கத்தைத்தான் தந்தார்கள். இப்போது அங்கே போய்க்கொண்டிருப்பவர்கள் லேப் பெயர், அளவு, பரிசோதனை முறை எல்லாம் உள்ள அசல் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிவிட்டு மேலே பேசுங்கள். பயோட்டின் உள்ள மாத்திரை சாப்பிட்டால், ரத்தம் கொடுக்கும் முன் லேப்பிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள். தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள்.