ஒரு புள்ளியால் பத்து மடங்கு மருந்து: நாய், பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் நாய் பொம்மிக்கு வயது ஏழு, எடை 9 கிலோ. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், ஸ்பிட்ஸ் என்று அப்புறம் தெரிந்தது. அது வேறு கதை. போன மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து பின்னங்கால் நொண்ட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஏரியா கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கூட்டம். டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்தார், எலும்பு முறியவில்லை என்றார், இரண்டு ஊசி போட்டார், சீட்டு எழுதினார். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். பக்கத்து மெடிக்கலில் மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து, 30 மி.லி. பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். கடைப் பையன் மூடியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘6 மி.லி., இரவு, 10 நாள்’ என்று எழுதித் தந்தான்.

பெட்டிக்குள் சின்னதாக ஒரு சிரிஞ்ச் இருந்தது. அதில் 6 மி.லி. வரவே வராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பப் போய் பத்து மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி வந்தேன். கடையில் யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. கம்பெனிக்காரன் ஏன் இவ்வளவு சின்ன சிரிஞ்ச் வைத்தான் என்று நானும் யோசிக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று ராத்திரி கொடுத்தேன். சனிக்கிழமையே சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஞாயிறு காலை இரண்டு முறை வாந்தி. கிளினிக்குக்குப் போன் செய்தால் கம்பவுண்டர் எடுத்தார். “மருந்து சூடு சார், தயிர் சாதம் வெச்சிட்டுக் கொடுங்க, நிறுத்திடாதீங்க” என்றார். எத்தனை மி.லி. கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்றாவது வேளையாவது தப்பியிருக்கும்.

திங்கள் விடியற்காலையில் பால்கனியில் தார் ஊற்றினது மாதிரி கறுப்பாகப் போயிருந்தது. வெள்ளை முடி, வால் முழுக்க ஒட்டிக்கொண்டு, ஒரு நாற்றம். அம்மா துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே பாட்டிலைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, பத்து நாளைக்கு எழுதினார்னு சொன்னே, மூணு நாள்லயே பாதிக்கு மேல காலியாயிருக்கு?” என்றார். அவ்வளவுதான். அப்போதுதான் எனக்குக் கணக்கு ஓடியது. தினம் 6 மி.லி. என்றால் பத்து நாளைக்கு 60. கொடுத்ததோ 30 மி.லி. பாட்டில், அதுவும் ஒன்றே ஒன்று.

சீட்டை எடுத்து மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். 6-க்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கிறது. சீட்டில் அச்சடித்த கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. டாக்டர் எழுதியது .6 மி.லி.!

ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டோக்கன் போட்டு வரிசையில் நின்றோம். அங்கிருந்த டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். ஒரு மி.லி.யில் 1.5 மி.கி. மருந்து. நாய்க்குத் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மி.கி., முதல் நாள் மட்டும் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கலாம். 9 கிலோவுக்கு 0.9 மி.கி., அதாவது 0.6 மி.லி. நான் கொடுத்தது 9 மி.கி. பத்து மடங்கு. “இந்த மருந்து நாய் உடம்புல பாதியாக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அது குறையறதுக்குள்ள நீங்க அடுத்த டோஸ் குடுத்திருக்கீங்க” என்றார். வயிற்றின் உள்சுவரையும் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தையும் காப்பாற்றுகிற சுரப்புகளையே இந்த வகை வலி மருந்துகள் தடுத்துவிடுமாம். அதனால் குடலில் புண். கறுப்பாகப் போனது ஜீரணமான ரத்தம். இதற்கு மாற்று மருந்து என்று தனியாக எதுவும் கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்து, காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலே இல்லை. “கிளினிக்ல போட்ட ரெண்டு ஊசி என்னது?” ஒன்று சிவப்பாக இருந்தது, இன்னொன்று தண்ணீர் மாதிரி இருந்தது என்றேன். சிவப்பு பெரும்பாலும் வைட்டமினாக இருக்கும் என்றார். மற்றது ஸ்டீராய்டாக இருந்தால், இந்த மருந்தோடு சேரும்போது புண் இன்னும் மோசமாகும் என்றார். சீட்டில் ஊசியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. போன் செய்து கேட்டால், “வழக்கமா போடறதுதான் சார்” என்று பதில் வருகிறது.

சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தப் பரிசோதனையில் 3.4, அதிகம். ஐந்து நாள் தினமும் போய் டிரிப்ஸ் ஏற்றினோம். வைத்தியத்துக்கு ஆனதைவிட ஆட்டோவுக்கு ஆனதுதான் அதிகம், போக வர 560 ரூபாய். ஆறாம் நாள் கிரியேட்டினின் 1.9-க்கு இறங்கியது. இப்போது சாப்பிடுகிறது, வாலாட்டுகிறது. சிறுநீரகம் பழையபடி ஆகுமா என்பது மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் கிளினிக்குக்குப் போனேன். நான் சரியாகத்தான் எழுதினேன், கடைக்காரன் தப்பு என்கிறார் டாக்டர். சீட்டில் 6 என்றுதானே இருக்கிறது என்கிறார் கடைக்காரர். என்னைக் கேட்டால் இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது. புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு 0.6 என்று எழுதியிருந்தால் எந்தக் கடைக்காரனுக்கும் இந்தக் குழப்பம் வராது. மனிதர்களுக்கு எழுதும் சீட்டிலும் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது வேறு. நான் கிளம்பும்போது கம்பவுண்டர் வாசல்வரை வந்து, “அந்தச் சீட்டைக் குடுங்க சார், தெளிவா எழுதித் தர்றேன். அடுத்த தடுப்பூசி ஃப்ரீயாப் போட்டுக்கலாம்” என்றார். கொடுக்கவில்லை. நல்லவேளையாகத் திங்கட்கிழமையே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் கவுண்டரிலேயே சீட்டைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஊசி போடும்போதே பாட்டிலைக் காட்டச் சொல்லி அதையும் ஒரு போட்டோ எடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கிளம்புவதற்கு முன் சிரிஞ்சை நீட்டி, எந்தக் கோடுவரை என்று டாக்டரையே காட்டச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்கள் மேல் வரும் புகார்களைக் கவுன்சிலிடம்தான் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்கிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கிளினிக் பெயரை இங்கே போடவில்லை. தனியாகவும் கேட்காதீர்கள்.

பாட்டிலில் இன்னும் 12 மி.லி. இருக்கிறது. அம்மா தினமும் கொட்டச் சொல்கிறார். மூடியில் அந்தப் பையன் எழுதிய 6 அழியாமல் இருக்கட்டும் என்று டேப் ஒட்டி, சீட்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன்.