மேலே மாட்டுவதா, கழற்றி மாற்றுவதா: காரின் உள்ளே இரண்டு வழிகள்

காரின் உட்புறத்தில் கைவைக்க ஆரம்பித்தவர்களுக்குத் தெரியும், இது ஒரு மாதத்தில் முடிகிற வேலை இல்லை. சீட்டைச் சரி செய்தால் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கிற டோர் பேட் பழசாகத் தெரியும், டோர் பேடை முடித்தால் ஸ்டியரிங் தேய்ந்து பளபளப்பது கண்ணில் படும். ஆறு வருடமாக ஒரே வண்டியில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் வருவது ஒரே கேள்விதான்: இருப்பதன் மேல் ஒன்றை மாட்டிவிடலாமா, இருப்பதைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்யலாமா? எனக்குக் கிடைத்த பதில் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு.

முதலில் சீட். கவர் போடுவதா, பழைய துணியைப் பிரித்துப் புதிதாகத் தைக்கிற ரீ-அப்ஹோல்ஸ்டரி செய்வதா என்பதில்தான் எல்லோரும் அதிகம் குழம்புகிறார்கள். கவர் ஒரு மதியத்தில் போட்டு முடிகிற வேலை, அழுக்கானால் கழற்றலாம், பிடிக்கவில்லை என்றால் பழைய சீட் அப்படியே கீழே இருக்கும். ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற கவரை வாங்க வேண்டாம். தொடைக்குக் கீழே ஒரு மடிப்பு விழும், அதை இழுத்துச் சரி செய்தால் அடுத்த பயணத்தில் திரும்ப விழும், நூறு கிலோமீட்டர் தாண்டினால் அந்த ஒரு மடிப்பு மட்டும்தான் மனதில் நிற்கும். உங்கள் மாடலுக்கென்று வெட்டித் தைத்ததை மட்டும் பாருங்கள்.

ரீ-அப்ஹோல்ஸ்டரி என்றால் சீட் வண்டியை விட்டு வெளியே வரும். கம்பெனியில் போட்ட துணி, ஃபோமுக்குள் புதைந்திருக்கிற கம்பியோடு சின்னச் சின்ன உலோக வளையங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றை வெட்டி, பழைய துணியைப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டித் தைத்து, திரும்ப வளையம் போட்டு இழுப்பார்கள். நல்ல கை பட்டால் புது வண்டி சீட் போலவே உட்காரும். எனக்கு இதில் பெரிய காரணம் அழகு இல்லை, ஃபோம். பழைய சீட்டில் ஓட்டுநர் ஏறி இறங்குகிற பக்கத்து ஓரம் நசுங்கிப் போயிருக்கும், அதன் மேல் எவ்வளவு நல்ல கவர் போட்டாலும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காரும். அதனால் மூன்று வருடம் கவரில் ஓட்டிவிட்டு, ஃபோம் தளர்ந்த பிறகு முன் சீட் இரண்டையும் மாற்றினேன். ஃபோம் நன்றாக இருக்கிறவரை கவரே போதும் என்பதுதான் இப்போதும் என் கருத்து.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. சீட்டின் வெளிப் பக்கத் தையலில் ஏர்பேக் என்று ஒரு சின்ன லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோதலின்போது அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் பை வெளியே வரும். கவர் என்றால் அந்த இடம் திறந்திருக்க வேண்டும், அல்லது அதற்கென்றே எளிதில் பிரிகிற நூலில் தைத்திருக்க வேண்டும். ரீ-அப்ஹோல்ஸ்டரி என்றால், அங்கே கெட்டி நூலில் இரட்டைத் தையல் போட்டுவிடாத, விஷயம் தெரிந்த கை வேண்டும். சீட்டைக் கழற்றும்போது அடியில் ஒயர்களை இணைக்கிற மஞ்சள் நிறக் கப்ளர் இருக்கும், அதுதான் ஏர்பேக் லைன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்கிற நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். அதைக் கழற்றி வைத்திருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும், பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் அணையும். முன் பயணி சீட்டுக்குள் எடை உணரும் சென்சார் இருந்தால் தடிமனான மெத்தை வைத்த கவர் அதைக் குழப்பலாம், அதனால் அந்த சீட்டுக்கு மெல்லியதே நல்லது.

துணி வகை? ரெக்ஸின் என்று நாம் சொல்கிற பி.வி.சி. மலிவு, துடைத்தால் போதும். ஆனால் அதை மிருதுவாக வைத்திருக்கிற ரசாயனம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, பொருள் விறைத்து வெடிக்கும், கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் படிவதும் இதனால்தான். பி.யூ. என்கிற பாலியூரிதேன் செயற்கைத் தோல் தொடுவதற்கு அசல் போல இருக்கும், ஆனால் ரகம் மட்டமாக இருந்தால் ஈரப்பதத்தில் சிதைந்து மேல்தோல் செதில் செதிலாக உரியும். அசல் தோல் நீண்ட நாள் உழைக்கும், பராமரிக்க மனசு வேண்டும். நான் முதுகும் தொடையும் படுகிற நடுப்பகுதிக்குத் துணி, ஓரங்களுக்கு நல்ல பி.யூ. என்று கலந்து தைத்தேன். வெயிலில் நின்ற வண்டியில் ஏறும்போது அந்தத் துணியின் அருமை தெரிகிறது.

ஸ்டியரிங்குக்கு வந்தால் தைக்காமல் மேலே மாட்டுகிற வழியை நான் முழுசாக நிராகரிக்கிறேன். ரப்பர் வளையத்தோடு அப்படியே ஏற்றுகிற கவர், வெயிலில் தளர்ந்தால் திருப்பும்போது கைக்குள் சுழலும், அவசரமாகத் திருப்புகிற நேரத்தில் அது ஆபத்து. ஊசி நூலால் தைக்கிற கவர்தான் சரி. ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து தைத்தேன். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூலைச் சமமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் விட்டால் அந்த இடம் மட்டும் வாய் பிளந்து நிற்கும். ஆரக்கால் வருகிற இடத்தில் விளிம்பை உள்ளே மடித்துச் செருக ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு வேண்டும், நகத்தால் முயன்றால் நகம்தான் போகும். மாலை ஆனபோது விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் இன்றும் வண்டி எடுக்கும்போது முதலில் அந்தத் தையலைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன்.

அடுத்தது சத்தம். இங்கே போட்டி, புது ஸ்பீக்கருக்கும், தகரத்தின் அதிர்வை அடக்க அதன் மேல் ஒட்டுகிற டேம்பிங் ஷீட்டுக்கும். பெரும்பாலானவர்கள் ஸ்பீக்கரை முதலில் வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன், வரிசை தப்பு. கதவின் தகரம் அதிர்கிறவரை எந்த ஸ்பீக்கரும் பாதிதான் பாடும். ஷீட்டில் தார் வகை, பியூட்டைல் என்கிற ரப்பர் வகை என்று இரண்டு உண்டு. தார் வகை வெயிலில் இளகி நாறும், சில சமயம் கழன்று கதவுக்குள்ளேயே விழும், அதை வாங்காதீர்கள். அலுமினியத் தாளோடு வருகிற 2 மி.மீ. பியூட்டைல் போதும். தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுப்பகுதியைப் பார்த்து கால் பங்கு ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும், மிச்சக் காசில் ஃபோம் வாங்கலாம். ஒட்டுவதற்கு முன் தகரத்தைத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள், ரோலரால் அழுத்துங்கள், கதவின் அடியில் இருக்கிற தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். டோர் பேடுக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் தாளை மறுபடி சரியாக ஒட்டாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். டோர் பேட் கழற்ற ஸ்குரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்குங்கள், கிளிப் நாலைந்து கூடுதலாகக் கையில் இருக்கட்டும். வேலை முடிந்து முதல் தடவை கதவைச் சாத்தியபோது டங் என்று கேட்கிற சத்தம் போய் தப் என்று கேட்டது. அன்று சும்மாவே நாலைந்து தடவை திறந்து மூடினேன்.

ஸ்டீரியோ மாற்றுவதா, இருப்பதோடு ஒரு அடாப்டர் சேர்ப்பதா? கம்பெனி திரையில், போனை வண்டித் திரையில் காட்டுகிற கார்ப்ளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ கம்பி வழியாக ஏற்கெனவே இருந்தால் வயர்லெஸ் அடாப்டர் போதும், திரையைத் தொடாதீர்கள். அது இல்லாத பழைய வண்டியில், 180 க்கு 100 மி.மீ. என்ற டபுள் டின் அளவு இடம் இருந்தால் தாராளமாக மாற்றலாம். ஒரே நிபந்தனை, ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற ஆளிடம் விடாமல் உங்கள் மாடலுக்கான கப்ளர் வாங்கி மாட்டுங்கள், நாளைக்குப் பழைய செட்டைத் திரும்ப வைக்க நினைத்தால் இரண்டு நிமிட வேலை. உள்ளே கூடுதலாகப் போடுகிற விளக்குக்கும் இதே கதைதான்: இருக்கிற ஒயரில் கீறி இணைக்காமல், ஃப்யூஸ் பெட்டியில், ஃப்யூஸ் இடத்தில் செருகித் தனி லைன் எடுக்கிற ‘ஃப்யூஸ் டேப்’ வைத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற லைனில் எடுங்கள். முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிற முன் தூணில் ஏர்பேக் இருந்தால் அதன் முன்னால் ஒயர் போகக் கூடாது.

மேட்டில் அலச அதிகம் இல்லை. பழைய மேட்டின் மேலேயே புதியதைப் போடாதீர்கள், அவ்வளவுதான். 2009ல் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, மேட் நகர்ந்து ஆக்ஸிலரேட்டர் பெடலில் சிக்கும் அபாயத்துக்காகத்தான். ஓட்டுநர் பக்கம் ஒரே மேட், தரையில் இருக்கிற கொக்கியில் மாட்டியது.

இப்போது என் வண்டியில் கூரைத் துணி தொங்க ஆரம்பித்திருக்கிறது. ஊசி குத்தி நிறுத்தலாம், பசை தடவி ஒட்டலாம் என்கிறார்கள், இரண்டும் நிற்காது. ஏனென்றால் கெட்டுப்போனது பசை இல்லை, துணிக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ஃபோம் பொடிப்பொடியாகிவிட்டது, பொடியின் மேல் எதை ஒட்டினாலும் அதோடு சேர்ந்து உதிரும். துணி ஒட்டியிருக்கிற கூரை போர்டைக் கீழே இறக்கி, பழைய பொடியைச் சுரண்டி எடுத்து, ஃபோம் வைத்த புதுத் துணி ஒட்ட வேண்டும். போர்டை வளைக்காமல் பின் கதவு வழியாக வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும், நண்பனிடம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.