ஆறாத கால் புண்: மருந்தை மாற்றுவதா, கட்டை மாற்றுவதா?

கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறமாக ஒரு புண். சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்து அரிக்கும். சாயங்காலமானால் கால் வீங்கிவிடும், கட்டு நனைந்து நீர் வடியும். ஜவுளிக்கடையிலும் ஓட்டல் அடுப்படியிலும் வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்தவர்களிடம் இந்தப் புண்ணைப் பார்க்கலாம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல்தான் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பே கால் கெட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளங்காலில் வரும் புண் வேறு வகை, அதற்கு வைத்தியமும் வேறு. இங்கே பேசப்போவது வெரிகோஸ் புண்ணைப் பற்றி மட்டும்.

காலிலிருந்து இரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது தசை இறுகி இரத்தத்தைத் தள்ளும். அது மறுபடி கீழே இறங்காமல், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கும். வால்வு பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கி, கணுக்காலைச் சுற்றி அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, தோல் நலிந்துபோகும். அப்புறம் ஒரு கொசுக்கடியைச் சொறிந்தாலே புண்ணாகிவிடும். தேங்கிய அழுத்தம் குறையாதவரை மேலே எதைத் தடவினாலும், மொட்டைமாடி ஒழுகும்போது உள்சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரிதான்.

ஆனால் வீட்டுக் காசு பெரும்பாலும் போவது மேலே தடவுவதற்குத்தான். ஒரு மாதம் ஒரு களிம்பு, ஆறவில்லை என்றால் இன்னொன்று, நடுவில் ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ். அதனால் முதலில் அதையே பார்த்துவிடலாம்.

விலை கூடிய டிரஸ்ஸிங்குகளில் வெள்ளி கலந்தவை பெயர் பெற்றவை. பிரிட்டனில் 213 பேரிடம் வெள்ளி டிரஸ்ஸிங்கையும் வெள்ளி இல்லாத சாதா டிரஸ்ஸிங்கையும் ஒப்பிட்டு 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 12 வாரத்தில் புண் ஆறியவர்கள் ஒரு பக்கம் சுமார் 60 சதவீதம், மறுபக்கம் 57. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தேனும் அப்படித்தான். நியூசிலாந்தில் 368 பேரிடம் மனுகா தேன் தடவிய டிரஸ்ஸிங்கைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். ஆறுவதில் தேறும்படியான லாபம் தெரியவில்லை, தேன் போட்டவர்களுக்கு வலிதான் கூடியது. இரண்டு ஆய்விலும் இரு தரப்புக்குமே அழுத்தக் கட்டு, அதாவது டிரஸ்ஸிங்குக்கு மேல் காலை இறுக்கிச் சுற்றும் கட்டு, போட்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்றும் வேலையை அதுதான் செய்தது.

ஆகவே என் பரிந்துரை, புண்ணில் ஒட்டாத சாதாரண டிரஸ்ஸிங். நீர் நிறைய வடிந்தால் ஃபோம் டிரஸ்ஸிங், அதுவும் உறிஞ்சும் என்பதற்காக மட்டும். தினமும் பெட்டடின் ஊற்றுவதையும் ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க விடுவதையும் நிறுத்திவிடலாம். அவை புதிதாக வளரும் சதையையும் கெடுக்கும். கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவினால் போதும். சிவப்பு பரவுவது, காய்ச்சல், திடீரென்று கூடும் வலி இவை இருந்தால்தான் ஆன்டிபயாடிக் தேவை.

சரி, கட்டுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும்: காலுக்கு இரத்தம் ஒழுங்காக இறங்கி வருகிறதா? இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்த காலில் இறுக்கிக் கட்டினால் விரல்கள் அழுகிப்போகக்கூடும். கணுக்காலிலும் கையிலும் டாப்ளர் கருவியால் இரத்த அழுத்தம் பார்த்து, கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். 0.8-க்கு மேல் இருந்தால் வழக்கமான முழு அழுத்தம் கொடுக்கலாம். அதற்குக் கீழே என்றால் மருத்துவர் அளவைக் குறைப்பார், 0.5-க்குக் கீழே என்றால் கட்டவே கூடாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும், ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலிப்பவர்களும் இதைத் தவிர்க்கவே கூடாது. சர்க்கரை நோயில் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை கிரேப் பேண்டேஜைத்தான் பலரும் அழுத்தக் கட்டு என்று நினைக்கிறார்கள். காலையில் சுற்றினால் மதியத்துக்குள் தளர்ந்து கணுக்காலில் சுருண்டு கிடக்கும். தனியாக அதை நம்பிப் பயனில்லை. நிஜமான போட்டி நான்கடுக்குக் கட்டு, அதிகம் இழுபடாத கட்டு, ஸ்டாக்கிங்ஸ் எனும் இறுக்கமான காலுறை மூன்றுக்கும்தான்.

நான்கடுக்குக் கட்டு லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் 1980-களில் உருவானது. நன்றாகத் தெரிந்த நர்ஸ் கட்டும்போது பார்க்க வேண்டும். பாதத்தைக் காலுக்குச் செங்கோணத்தில் வைக்கச் சொல்வார். விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை முதலில் பஞ்சுச் சுருள். கணுக்கால் எலும்பு துருத்தும் இடத்திலும் முன்கால் எலும்பின் மேலும் கூடுதல் பஞ்சு. அதன் மேல் கிரேப், அதன் மேல் எட்டுப் போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக எலாஸ்டிக் பேண்டேஜ், கடைசியில் தானாக ஒட்டிக்கொள்ளும் சுருள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும். முடிக்கும்போது கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் நிற்கும், மேலே போகப் போகக் குறையும். ஒரு வாரம் வரை அப்படியே விடலாம்.

அதிகம் இழுபடாத கட்டு வேறு விதமாக வேலை செய்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை புடைத்து அந்தத் துணிமேல் மோதும், அழுத்தம் ஏறும். படுத்தால் இறங்கிவிடும். ராத்திரி இதமாக இருக்கும், துவைத்துத் திரும்பக் கட்டலாம். பிரிட்டனில் 387 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வந்தது. பாதிப் பேருக்குப் புண் ஆற, நான்கடுக்கில் 92 நாள், மற்றதில் 126 நாள். வேகத்தில் நான்கடுக்குதான் மேல். ஆனால் கட்டும் கை பழகியிருந்தால்தான் அந்த வேகம். பஞ்சு வைக்காமல் இழுத்துக் கட்டி, முன்கால் எலும்பின் மேல் புதிதாக ஒரு புண்ணை உண்டாக்குவதும் நடக்கிறது. அதோடு ஏப்ரல், மே வெயிலில் நான்கு அடுக்கை ஒரு வாரம் சுமப்பது பெரிய சோதனை. வேர்த்து அரித்து, மூன்றாம் நாளே கத்தரிக்கோலால் வெட்டிப் போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் ஸ்டாக்கிங்ஸ் பக்கம் நான் சாய்கிறேன். புண் ஆற்றுவதற்கென்றே இரண்டடுக்கு ஸ்டாக்கிங்ஸ் உண்டு. உள்ளே மெல்லியதாக ஒன்று, வெளியே இறுக்கமாக ஒன்று, சேர்ந்து அதே 40 மி.மீ. 457 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் இதற்கும் நான்கடுக்குக் கட்டுக்கும் ஆறும் நாள் 99, 98 என்று சமமாக வந்தது. புண் திரும்பி வந்தது ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களில் 14 சதவீதம், கட்டுப் போட்டவர்களில் 23. வெளி அடுக்கை ராத்திரி கழற்றலாம், குளிக்கலாம். குறையும் உண்டு, பாதியில் விட்டு வேறு முறைக்கு மாறியவர்கள் ஸ்டாக்கிங்ஸ் தரப்பில்தான் அதிகம். மாட்டுவது சிரமம். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே, படுக்கையை விட்டு இறங்காமல், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு குதிகால் வரை உள்ளே திருப்பிப்போட்டு இழுக்க வேண்டும். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒரு ஆள் உதவி வேண்டும். புண் மிகப் பெரிதாக இருந்தாலோ, நீர் கொட்டினாலோ, கால் வடிவமே மாறியிருந்தாலோ முதலில் கட்டு, அளவு குறைந்த பிறகு ஸ்டாக்கிங்ஸ்.

லேசர் இவற்றுக்கு மாற்றா என்று கேட்கிறார்கள். மாற்று இல்லை, கூடவே செய்ய வேண்டியது. பழுதான சிரைக்குள் மெல்லிய கம்பியை விட்டுச் சூட்டால் மூடிவிடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். "முதலில் புண் ஆறட்டும், அப்புறம் லேசர் பார்க்கலாம்" என்பதுதான் பழைய வழக்கம். 450 பேரிடம் நடத்தி 2018-ல் பிரிட்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. எல்லாருக்கும் அழுத்தக் கட்டு, பாதிப் பேருக்கு மட்டும் இரண்டு வாரத்துக்குள் சிரையையும் மூடினார்கள். புண் ஆற, சீக்கிரம் மூடியவர்களுக்கு 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். கால் ஸ்கேனில் தோலுக்கு அடியில் ஓடும் வெளிச் சிரை பழுது என்று தெரிந்தால், புண் இருக்கும்போதே லேசர் செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள். ஆழ்சிரையில் இரத்தம் கட்டி அடைபட்ட கால் என்றால் கணக்கு மாறும், அதை ஸ்கேன் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முட்டையும் மீனும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பதை விட்டுவிடுங்கள். புண் மூடப் புரதம் வேண்டும். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் உயர்த்தி வையுங்கள், முடிந்தவரை நடங்கள்.

மூன்று மாதம் சரியான அழுத்தம் கொடுத்தும் புண் சுருங்கவில்லை என்றால், அல்லது ஓரம் தடித்து மேலெழும்பினால், சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாள்பட்ட புண் சில சமயம் புற்றாக மாறுவதுண்டு. ஆறிவிட்டால் ஸ்டாக்கிங்ஸை அலமாரியில் போட்டுவிட வேண்டாம். ஒன்றைத் துவைக்கும்போது மாட்ட இன்னொன்று இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும், ஏனென்றால் அதற்குள் இழுவை போய்விடும்.